25,000 ரூபாயில் தொலைக்காட்சி: எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் இருப்பது?

திருநெல்வேலிச் சந்திப்பிலோ வண்ணார்பேட்டையிலோ ஒரு கடைக்குள் நுழைந்து, 25,000 ரூபாயை ஒட்டி ஒரு தொலைக்காட்சி வேண்டும் என்று கேட்கும் குடும்பத்தின் முன் இன்று பெரும்பாலும் நான்கு வகைகள் வைக்கப்படுகின்றன. எச்.டி. ரெடி, முழு எச்.டி., 4கே என்பவை திரையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை ஏறுவரிசையில் குறிப்பவை. பெயர் பெற்ற நிறுவனத்தின் 32 அங்குல எச்.டி. ரெடி திரை ஏறக்குறைய 11,000 முதல் 15,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அவ்வளவாக அறியப்படாத நிறுவனத்தின் 43 அங்குல முழு எச்.டி. திரை 15,000 முதல் 19,000 வரை ஆகிறது. இணைய விற்பனையால் வளர்ந்த நிறுவனங்களின் 43 அங்குல 4கே திரைக்கு 18,000 முதல் 24,000 வரை கேட்கிறார்கள். பெரிய நிறுவனத்தின் 43 அங்குல 4கே திரை ஆடி, தீபாவளி, பொங்கல் சலுகைகளில் 25,000க்கு இறங்கியும் மற்ற மாதங்களில் 30,000 வரை ஏறியும் நிற்கிறது. விலைகள் அடிக்கடி மாறுபவை என்றாலும் இந்த நான்கு படிகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. ஒரு படி ஏறும்போது கூடுதலாகக் கொடுக்கும் மூவாயிரத்துக்கோ ஆறாயிரத்துக்கோ கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் ஏதேனும் கிடைக்கிறதா என்பதைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 4கே, எச்.டி.ஆர்., கியூ.எல்.இ.டி. ஆகிய சொற்களைவிட, நாம் உட்காரும் தூரமும், திரைக்கு நாம் கொடுக்கும் ஒளிபரப்பின் தரமும், திரையின் உள்ளமைப்பான பேனலின் வகையும்தான் இந்த விலையில் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. இம்மூன்றும் வீட்டுக்கு வீடு மாறுபவை. அதனால் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்கு மிகப் பொருத்தமான தொலைக்காட்சி, முக்கூடலில் ஒரு வீட்டுக்குத் தவறான தேர்வாக அமைந்துவிடக்கூடும்.

விலையைப் பற்றி முதலில் ஒரு செய்தி. 32 அங்குலம் வரையுள்ள தொலைக்காட்சிகளுக்கு 2019 ஜனவரி முதலே சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடாக இருந்துவந்தது. அதற்கு மேற்பட்ட அளவுகளுக்கு 28 விழுக்காடு வசூலிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய திரைகளுக்கும் 18 விழுக்காடுதான். வரிக்கு முன் 18,000 ரூபாய் அடக்கவிலை உள்ள ஒரு 43 அங்குலத் தொலைக்காட்சி முன்பு 23,040 ரூபாய்க்கு வந்திருந்தால், இப்போது 21,240 ரூபாய்க்கு வர வேண்டும். 32 அங்குலத்தில் நின்றுவிடுவதற்கு முன்பிருந்த காரணங்களில் ஒன்று இதனால் வலுவிழந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய உறவினர் சொல்லும் விலைக் கணக்கை வைத்து இன்று முடிவெடுப்பது சரியாக வராது.

இனித் தூரத்தைப் பார்ப்போம். நல்ல பார்வையுள்ள ஒருவரின் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண அளவுக்குக் குறைவாக நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது கண் மருத்துவத்தில் வழக்கமாகக் கொள்ளப்படும் அளவு. இதைத் தொலைக்காட்சிக்குப் பொருத்திப் பார்த்தால் பயனுள்ள கணக்கு ஒன்று கிடைக்கும். 43 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். முழு எச்.டி.யில் அந்த அகலத்துக்குள் 1,920 புள்ளிகள் இருக்கின்றன. ஆகவே ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் அளவுதான், ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. 4கே திரையில் அதே அகலத்துக்குள் 3,840 புள்ளிகள் இருப்பதால், அவற்றின் கூடுதல் நுணுக்கத்தை முழுமையாகக் காண மூன்று அடிக்குள் நெருங்கி உட்கார வேண்டும். 32 அங்குல எச்.டி. ரெடி திரைக்கு அந்த எல்லை ஏறக்குறைய ஆறு அடி.

நம் பக்கத்து வீடுகளில் பட்டாசல் என்னும் கூடத்தின் ஒரு சுவரில் தொலைக்காட்சியும் எதிர்ச்சுவரை ஒட்டிக் கட்டிலோ சோபாவோ இருப்பதுதான் பொதுவான அமைப்பு. இடையில் எட்டு அல்லது ஒன்பது அடி இருக்கும். கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்து வீடுகளைப் போலவோ திருநெல்வேலி டவுனின் பழைய தெருக்களில் உள்ளவற்றைப் போலவோ ஒடுங்கி நீண்டிருக்கும் வீடுகளில் அதைவிடவும் கூடுதலாகவே இருக்கும். அந்தத் தூரத்தில் 43 அங்குல முழு எச்.டி.க்கும் 43 அங்குல 4கே.க்கும் இடையில், புள்ளிகளின் எண்ணிக்கையால் மட்டும் ஏற்படுகிற வேறுபாட்டைக் கண் காணாது. மாறாக, 32 அங்குலத்திலிருந்து 43 அங்குலத்துக்குப் போகும்போது திரையின் பரப்பு 80 விழுக்காடு கூடுகிறது. இதை வீட்டில் உள்ள யாரும் முதல் நாளே உணர்வார்கள். ஒன்பது அடியில் 32 அங்குலத் திரை நம் பார்வையில் ஏறக்குறைய 15 பாகை அகலத்தையும், 43 அங்குலத் திரை 20 பாகையையும் நிரப்புகின்றன. திரைப்படங்களை நிறைவாகப் பார்க்க 30 பாகை வேண்டும் என்று தொழில்துறைப் பரிந்துரை ஒன்று உண்டு. எட்டு அடிக்கு அப்பால் உட்காரும் வீட்டில் பணத்தைப் புள்ளிகளின் மேல் செலவிடுவதைவிட அளவின் மேல் செலவிடுவதே கண்ணுக்குப் பயன் தரும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் பெரிய திரைக்கு ஒரு விலை உண்டு, அது ரூபாயில் கணக்கிடப்படுவதில்லை. எச்.டி. அல்லாத, வழக்கமான எஸ்.டி. ஒளிபரப்பில் ஒரு படச்சட்டத்தில் 720க்கு 576 என்ற கணக்கில் 4,14,720 புள்ளிகள் மட்டுமே வருகின்றன. 32 அங்குல எச்.டி. ரெடி திரையில் இருக்கும் புள்ளிகள் அதைப்போல் இரண்டரை மடங்கு, முழு எச்.டி.யில் ஐந்து மடங்கு, 4கே.யில் சரியாக 20 மடங்கு. அப்படியானால், எஸ்.டி. செட்டாப் பெட்டியை 4கே தொலைக்காட்சியில் இணைத்தவர் காணும் ஒவ்வொரு 20 புள்ளிகளிலும் 19 புள்ளிகள் ஒளிபரப்பில் வராதவை. தொலைக்காட்சிக்குள் இருக்கும் செயலி (பிராசசர்) பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்பியவை. விலை உயர்ந்த தொலைக்காட்சிகளின் செயலிகள் இதை ஓரளவு நன்றாகச் செய்கின்றன. விலை குறைந்தவற்றில் முகங்கள் மெழுகு பூசியது போலவும், திரையின் அடியில் ஓடும் செய்தி வரிகளின் எழுத்தோரங்கள் கலங்கியும் தெரியும்.

தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடுகளுக்கு வந்தவை 14 அங்குலப் பெட்டிகள். எஸ்.டி. ஒளிபரப்பு அந்தத் திரையில் கூர்மையாகவே தெரிந்தது. அதே ஒளிபரப்பு 43 அங்குலத்தில் கலங்கலாகத் தெரிந்தால் அதற்குப் புதிய தொலைக்காட்சியைக் குறை சொல்வது நியாயமில்லை. அரசு கேபிள் எஸ்.டி. பெட்டியில் மெகா தொடர்களும் செய்தியும் உள்ளூர்ச் சேனலில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டமும் மட்டுமே பார்க்கப்போகிற, இணைய இணைப்பே இல்லாத வீட்டுக்கு, நல்ல நிறுவனத்தின் 32 அங்குலத் திரை 43 அங்குல 4கே.யைவிடத் தெளிவான படத்தைக் காட்டும். மிச்சமாகும் எட்டாயிரத்தில் ஒரு சிறு பகுதியை எச்.டி. பெட்டிக்கும் எச்.டி. சேனல்களுக்கும் ஒதுக்கினால், அந்த 32 அங்குலத் திரையே மேலும் நன்றாகத் தெரியும். ஊரிலுள்ள பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்கச் சென்னையிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ பணம் அனுப்பும் பிள்ளைகள், தாங்கள் தங்கியிருக்கும் வீட்டில் உள்ளதைப் போன்ற பெரிய திரையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குக் கொடுக்கப்போகும் ஒளிபரப்பை எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் முதலில் கேட்க வேண்டியது வீட்டில் எந்தச் செட்டாப் பெட்டி இருக்கிறது என்பதைத்தான்.

இணையத்தில் பார்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு. முழு எச்.டி. படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட்டும் 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. இன்று கண்ணாடியிழை இணைப்பு தரும் பெரும்பாலான நிறுவனங்களின் சிறிய திட்டத்திலும் இந்த வேகம் கிடைக்கும். ஆனால் நெட்ஃபிளிக்ஸில் 4கே படம் அதன் மிக உயர்ந்த கட்டணத் திட்டத்துக்கு மட்டுமே உரியது. குறைந்த திட்டத்தில் இருந்துகொண்டு அதற்காகவே 4கே திரை வாங்குபவர், பயன்படுத்தாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார். யூடியூபில் 4கே காட்சிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

பேனலின் வகை பற்றிக் கடைகளில் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. படத்தின் அழகில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த விலையில் கிடைக்கும் எல்லாத் தொலைக்காட்சிகளும் எல்.சி.டி. திரைகளே, பின்னால் எல்.இ.டி. விளக்குகள் எரிய, முன்னால் உள்ள திரவப் படிகங்கள் அந்த ஒளியை விடுவதும் தடுப்பதுமாகப் படத்தை உருவாக்குகின்றன. அந்தப் படிகங்கள் அமைந்திருக்கும் முறையைப் பொறுத்து வி.ஏ. என்றும் ஐ.பி.எஸ். என்றும் இரண்டு பெரும் வகைகள் இருக்கின்றன. வி.ஏ. பேனல் ஒளியை நன்றாக அடைத்துவிடும். அதன் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் பொதுவாக 3,000க்கு 1 முதல் 5,000க்கு 1 வரை இருக்கும். ஐ.பி.எஸ். பேனலில் அது 1,000க்கு 1 என்ற அளவில்தான் நிற்கும். இரவில் விளக்கணைத்துவிட்டுப் படம் பார்க்கும்போது, இருண்ட காட்சியில் ஐ.பி.எஸ். திரை சாம்பல் பூத்தது போல வெளிறித் தெரியும், வி.ஏ. திரையில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். ஆனால் வி.ஏ. திரையை நேராகப் பார்க்க வேண்டும். பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மங்கி, முகங்கள் வெளுத்துவிடும். ஐ.பி.எஸ். திரை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே நிறத்தைக் காட்டும்.

எது நல்லது என்பதை வீட்டின் அமைப்புத்தான் சொல்லும். முன்சொன்ன ஒடுங்கிய நீள வீடுகளில் எல்லோரும் திரைக்கு நேர் எதிரே ஒருவர் பின் ஒருவராக உட்கார்கிறார்கள்; அங்கே வி.ஏ. பேனல் தயங்காமல் வாங்கலாம். பெருமாள்புரத்திலோ தியாகராஜ நகரிலோ கட்டப்படும் புதிய வீடுகளின் அகன்ற கூடத்தில், சோபா மூன்று பக்கமும் போடப்பட்டுச் சமையலறை வாசலிலிருந்தும் ஒருவர் எட்டிப் பார்ப்பார், அங்கே ஐ.பி.எஸ். பொருந்தும்.

பீடி சுற்றும் வீடுகளை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் தொலைக்காட்சியை இத்தனை மணி நேரம் ஓடவிடும் வீடுகள் நம் பகுதியில் வேறில்லை. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் ஆலங்குளம், கடையம் பக்கத்து ஊர்களிலும் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்காக வாசலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து பகல் முழுவதும் இலையும் தூளுமாக வேலை செய்கிறார்கள். தொலைக்காட்சியைக் கேட்டுக்கொண்டே அவ்வப்போது நிமிர்ந்து பார்க்கிறார்கள். சுவரில் ஐந்தடி உயரத்தில் மாட்டிய வி.ஏ. திரை, தரையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் அவர்கள் கண்ணுக்குப் பாதி நிறத்தை இழந்துதான் தெரியும். திறந்த வாசலின் வெயில் நேராகத் திரையில் விழும்போது மினுமினுப்பான கண்ணாடித் தன்மையுள்ள திரையில் வாசல்தான் தெரியும், படம் தெரியாது. இந்த வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பது, மங்கலான மேற்பூச்சுள்ள ஐ.பி.எஸ். பேனலைத்தான். 4கே, எச்.டி.ஆர். போன்றவற்றுக்கு அங்கே ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. குடும்பத்தில் எல்லோரையும்விட அதிக நேரம் அந்தத் திரையின் முன் இருப்பவர் அந்தப் பெண்தான். அவர் உட்காரும் இடத்திலிருந்து தெரியும் படத்தை வைத்தே தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாள் ஒன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடும் வீட்டில் மின்சாரமும் கணக்கில் வரும். 32 அங்குலத் தொலைக்காட்சி ஏறத்தாழ 50 வாட்டும், 43 அங்குல 4கே 100 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் எடுத்துக்கொள்ளும். வேறுபாடு நாளுக்கு அரை யூனிட் என்று வைத்தால், நம் மின்கட்டணக் காலமான இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சிறிய வீட்டுக்கு இது சுமையாகாது. ஆனால் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டில், அந்த எல்லையைத் தாண்டியதும் கட்டண விகிதமே மாறிவிடுவதால் 30 யூனிட்டும் கவனிக்க வேண்டியதாகிறது.

வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறையைக் குறிக்கும் எச்.டி.ஆர். என்ற சொல்லுக்கு இந்த விலையில் பணம் கொடுக்க வேண்டாம். எச்.டி.ஆர். படங்கள் பொதுவாக 1,000 நிட் அல்லது அதற்கும் மேற்பட்ட உச்ச வெளிச்சத்தைக் கருதித் தயாரிக்கப்படுபவை. விலை குறைந்த திரைகளின் வெளிச்சமோ 250 முதல் 300 நிட்தான். எச்.டி.ஆர். படத்தோடு வரும் வெளிச்சக் குறிப்புகளைத் தொலைக்காட்சி படித்துக்கொள்ளும், ஆனால் காட்டிவிட முடியாது; பல நேரங்களில் எச்.டி.ஆர். படம் சாதாரணப் படத்தைவிட இருட்டாகத் தெரிவதற்கு இதுவே காரணம். எச்.டி.ஆர். வகைகளில் ஒன்றான டால்பி விஷன் முத்திரைக்கும் இதே அளவுகோல்தான். அந்த வெளிச்ச அளவு, அதாவது நிட் கணக்கு, விவரக்குறிப்பில் தரப்பட்டிருந்தால் அதற்கு மதிப்புக் கொடுக்கலாம். 250 நிட்டுக்கும் 350 நிட்டுக்கும் உள்ள வேறுபாடு, சித்திரை வெயிலில் சன்னலைத் திறந்து வைத்திருக்கும் பாளையங்கோட்டைக் கூடத்தில் நன்றாகவே தெரியும்.

கியூ.எல்.இ.டி. என்பது பின்னொளிக்கும் படிகத்துக்கும் இடையே ஒரு நுண்துகள் படலத்தைச் சேர்ப்பது. சிவப்பும் பச்சையும் செழிப்பாகத் தெரியும். கறுப்பு இன்னும் கறுப்பாகாது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் வேறுபாடு இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். 'மோஷன் ரேட் 120', '200' என்றெல்லாம் எழுதியிருந்தாலும் இந்த விலையில் பேனல் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும்.

இவற்றைவிடக் கவனமாக இருக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. முன்பின் கேள்விப்படாத பெயரில் ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் 32 அங்குலப் பெட்டிகளைக் காட்டி, "அண்ணாச்சி, இது 4கே சப்போர்ட் பண்ணும்" என்று சொல்வார்கள். அது பொய்யில்லை, 4கே கோப்பு ஒன்றைக் கொடுத்தால் அந்தப் பெட்டி அதைத் திறந்து ஓட்டும். ஆனால் காட்டும் திரையில் 1,366க்கு 768 புள்ளிகள்தான் இருக்கும். விவரக்குறிப்பில் 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்' என்ற வரியில் உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். அதோடு, பின்பக்கத்து ஒட்டுச்சீட்டில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. இத்தகைய பெட்டிகளில் நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்கள் முறையான உரிமம் இல்லாமல் ஏற்றப்பட்டிருந்தால், கட்டணம் கட்டியிருந்தாலும் சில தளங்கள் எச்.டி. தரத்தில் ஓடுவதில்லை.

இப்போது 43 அங்குலத்துக்குள் இருக்கும் உண்மையான போட்டிக்கு வருகிறேன். ஒன்பது அடியில் முழு எச்.டி.யும் 4கே.யும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று மேலே சொன்னேன். அப்படியிருந்தும், இரண்டுக்கும் இடையில் மூவாயிரம் ரூபாய்தான் வேறுபாடு என்றால் நான் 4கே பக்கமே சாய்வேன். புள்ளிகளுக்காக இல்லை. இன்று நிறுவனங்கள் 43 அங்குலத்திலும் அதற்கு மேலும் தங்கள் கவனத்தை 4கே வரிசையில்தான் வைக்கின்றன; கூடுதல் நினைவகமும், வேகமான செயலியும், செட்டாப் பெட்டி போன்றவற்றை இணைக்கும் எச்.டி.எம்.ஐ. துளைகள் கூடுதலாகவும், நல்ல ஒலிபெருக்கியும் அந்த வரிசைக்கே முதலில் போகின்றன. முழு எச்.டி. வரிசை பெரும்பாலும் விலையைக் குறைப்பதற்காக மட்டுமே வைக்கப்பட்டிருப்பதால், 1 ஜி.பி. நினைவகத்தோடு வருவதைக் காணலாம். இரண்டாம் ஆண்டிலேயே ஆப்கள் திறக்க நேரமாகத் தொடங்கிவிடும். 4கே.யில் 2 ஜி.பி. பொதுவாகக் கிடைக்கிறது. வேறுபாடு ஆறாயிரத்தைத் தாண்டினால் மட்டும் நல்ல நிறுவனத்தின் முழு எச்.டி.யை எடுத்துக்கொண்டு, மென்பொருள் தளர்ந்த பிறகு மூவாயிரம், நாலாயிரத்தில் இணையக் காட்சிகளை ஓட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகிக்கொள்வது சிக்கனம். மென்பொருளைப் பிறகு வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம், பேனலைச் சேர்க்க முடியாது.

மூன்றாம் வகைக்கும் நான்காம் வகைக்கும், அதாவது இணையத்தில் வளர்ந்த நிறுவனத்துக்கும் சாம்சங், எல்.ஜி. போன்ற பெரிய பெயர்களுக்கும் இடையே உள்ள போட்டி இதைவிடக் கடினமானது. பேனல்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் சீனாவிலுள்ள சில பெரிய உற்பத்தியாளர்களிடமிருந்தே வாங்குகின்றன என்பதால், திரையை மட்டும் வைத்து ஐயாயிரம் ரூபாய் வேறுபாட்டை நியாயப்படுத்த முடியாது. காகிதத்தில் பார்த்தால் இணைய நிறுவனத்தின் தொலைக்காட்சியே மேலாகத் தெரியும்: கியூ.எல்.இ.டி. இருக்கும், 30 வாட் ஒலி இருக்கும், டால்பி முத்திரை இருக்கும். பெரிய நிறுவனத்தின் தொடக்க மாதிரியில் இவற்றில் பலவும் இருக்காது. ஆனால் எஸ்.டி. ஒளிபரப்பைப் பெரிதாக்கிக் காட்டும் செயலியிலும், முகத்தின் நிறத்தை மிகையில்லாமல் வைப்பதிலும், கிரிக்கெட்டில் பந்து ஓடும்போது அசைவு சிதறாமல் காட்டுவதிலும் பெரிய நிறுவனத்தின் அனுபவம் தெரிகிறது. கேபிளும் இணையமும் சரிபாதியாகப் பார்க்கும் வீட்டில் அந்த ஐயாயிரத்தைக் கொடுப்பது தகும். யூடியூபும் இணையத் தளங்களும் மட்டுமே என்று முடிவு செய்துவிட்ட இளையவர்களின் வீட்டில், மூலப்படமே தெளிவாக வருவதால் செயலிக்கு வேலை குறைவு. அங்கே இணைய நிறுவனத்தின் தொலைக்காட்சி போதும், மிச்சப் பணத்தில் ஒரு சவுண்ட்பார் வாங்கினால் படத்தின் இன்பம் அதைவிடக் கூடும்.

இந்தப் போட்டியில் விலைப்பட்டியலில் வராத ஒன்று பழுதுபார்ப்பு. ஒரு தொலைக்காட்சியின் விலையில் பாதிக்கு மேல் பேனலுக்கே உரியது. ஆகவே காப்புறுதி (வாரண்டி) காலம் முடிந்த பின் பேனல் உடைந்தால், அதை மாற்றும் செலவு ஏறக்குறைய புதிய தொலைக்காட்சியின் விலையைத் தொட்டுவிடும். பின்னொளியின் எல்.இ.டி. பட்டை எரிந்துபோவதுதான் விலை குறைந்தவற்றில் அடிக்கடி வரும் பழுது. இதை உள்ளூர் மெக்கானிக் குறைந்த செலவில் மாற்றிவிடுவார், ஆனால் பிரித்து மாட்டும்போது பேனல் உடையாமல் இருப்பது அவர் கைப்பக்குவத்தைப் பொறுத்தது. பாளையங்கோட்டையில் இருப்பவருக்குச் சேவை மையம் பக்கத்தில் இருக்கும்; திசையன்விளையிலோ இராதாபுரத்திலோ சிவகிரியிலோ இருப்பவரின் வீட்டுக்கு ஆள் வர நாட்கள் ஆகலாம். வாங்குவதற்கு முன் நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்து, நம் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சொல்லி, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாமே கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டுவிட வேண்டும். அந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்தின் தொலைக்காட்சி இரண்டாயிரம் ரூபாய் மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

நம் பகுதியின் இயற்கையும் இதில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாத இடி மின்னலிலும் கோடை மழையின் இடியிலும் பழுதாகும் தொலைக்காட்சிகள் பல. மின்னழுத்தம் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. கேபிள் வழியாகவும் டிஷ் கம்பி வழியாகவும் செட்டாப் பெட்டிக்குள் நுழைந்து, எச்.டி.எம்.ஐ. துளை வழியாகத் தொலைக்காட்சியின் போர்டைத் தாக்குகிறது. சுவிட்சை அணைத்துவிட்டு எச்.டி.எம்.ஐ. கம்பியை அப்படியே விட்டுவைப்பது பாதுகாப்பு ஆகாது. இப்படி வரும் பழுதும், வெள்ளத்தால் வரும் பழுதும் பொதுவாகக் காப்புறுதியில் அடங்குவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகிச் சந்திப்பும் கொக்கிரகுளமும் நீரில் மூழ்கியபோது, தாழ்வான மேசைகளில் இருந்த பொருள்கள் முதலில் போயின. ஆற்றங்கரைத் தாழ்வில் இருப்பவர்கள் சுவரில் மாட்டும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்வது நல்லது. உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்புத் துளைகளை அரிக்கும் என்பதால், நீட்டிக்கப்பட்ட காப்புறுதிக்குக் கேட்கும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் அங்கே வீணாகாது. உள்நாட்டு ஊர்களில் அது அவ்வளவு அவசியமில்லை.

கடையில் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையின் விளக்குகள் மிகப் பிரகாசமானவை; அதற்கு ஈடுகொடுக்க எல்லாத் திரைகளும் 'விவிட்' முறையில், வெளிச்சம் உச்சத்தில் வைக்கப்பட்டு, நிறுவனமே தயாரித்துக் கொடுத்த பூக்களும் கடலும் நிறைந்த காட்சிகளை ஓட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காட்சியில் எந்தத் தொலைக்காட்சியும் அழகாகத்தான் தெரியும். நம் கைப்பேசியில் எடுத்த வீட்டு விசேஷக் காட்சி ஒன்றையும், இரவுக் காட்சியுள்ள ஒரு படத்துண்டையும், ஏதேனும் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் சில நிமிடங்களையும் பென்டிரைவில் கொண்டுபோய், படமுறையை 'ஸ்டாண்டர்டு' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். நமக்குத் தெரிந்த முகத்தின் நிறம் சரியாக வருகிறதா, இருட்டில் சேலையின் மடிப்புகள் தெரிகின்றனவா, பச்சை மைதானத்தில் திட்டுத் திட்டாக அழுக்குப் போன்ற நிழல்கள் விழுகின்றனவா என்று பார்த்தால் பேனலின் குணம் வெளிப்பட்டுவிடும். பிறகு நம் வீட்டில் உட்காரும் கோணத்தில் நின்றும், கடையில் இடமிருந்தால் தாழ உட்கார்ந்தும் பார்க்கலாம். இதற்கு நேரம் தராத கடைக்காரரிடம் வாங்க வேண்டிய அவசியமில்லை. இணையத்தில் வாங்குபவர்களுக்கு இந்தச் சோதனை கிடைக்காது. விலையில் ஆயிரம், இரண்டாயிரம் குறைவதை அதற்கு ஈடாகக் கொள்ளலாம், ஆனால் அவர்கள் பெட்டியைக் கொண்டுவருபவர் முன்னிலையிலேயே திறந்து திரையைச் சரிபார்க்கும் வசதி உள்ள விற்பனையாளரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரம்பு 15,000 என்று உறுதியாக இருக்கும் குடும்பம் 43 அங்குலத்துக்கு ஆசைப்பட்டு அறியாத பெயருக்குப் போவதைவிட, நல்ல நிறுவனத்தின் 32 அங்குலத்தில் நிற்பதே மேல். அதில் முழு எச்.டி. கிடைத்தால் சற்று நெருங்கி உட்காரும் சிறிய வீட்டுக்கு அதுவே சிறந்தது. வரம்பு 20,000 முதல் 22,000 வரை இருந்து, இணைய இணைப்பும் இருந்தால், சேவை உறுதியாக உள்ள இணைய நிறுவனத்தின் 43 அங்குல 4கே.யை எடுத்துக்கொள்ளலாம். 25,000 என்று நிற்பவர்கள் கேபிளையும் விடாதவர்களாக இருந்தால், இன்னும் இரண்டு மாதம் பொறுத்துச் சலுகைக் காலத்தில் பெரிய நிறுவனத்தின் 43 அங்குலத்தை வாங்குவது நல்லது. அதே 25,000க்கு 50 அங்குலம் என்று விளம்பரப்படுத்தப்படும் பெட்டிகள் என் கணக்கில் சேரவில்லை. அவற்றில் அளவுக்காகப் பின்னொளியையும் செயலியையும் குறைத்துவிடுகிறார்கள், எட்டு அடியில் உட்கார்ந்து எஸ்.டி. பார்க்கும் வீட்டில் அந்தக் குறை நாள்தோறும் கண்ணில் படும்.

வாங்கி வந்தபின் படமுறையை 'விவிட்'டிலிருந்து மாற்றி, பின்னொளியை இரவில் பாதிக்கும் பகலில் முக்கால் பங்குக்கும் வைத்தால், கண்ணுக்கும் இதமாக இருக்கும், எல்.இ.டி. பட்டைகளும் நீண்ட காலம் உழைக்கும். சுவரில் மாட்ட வருபவர் தன் வசதிக்கு ஐந்தரை அடியில் துளை போட முனைவார். சோபாவில் பார்ப்பவர்களுக்குத் திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடியிலும், தரையில் உட்காருபவர்களுக்கு மூன்றடிக்குள்ளும் இருக்கும்படி அவர் துளை போடுவதற்கு முன்பே சுவரில் குறித்து வைத்துவிட வேண்டும்.